தொழி வயலில் ஒரு மலை

ஜூலை 3, வியாழன்

தென்காசி தாண்டியதும் சாரல். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, அதுவும் டிரைவர் பக்கம் இல்லை. இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓட்டி, கழுத்து வலி. ஆனாலும் விருதுநகரிலிருந்து தனியாக ஓட்டி வந்துவிட்டேன்! எதையும் இடிக்கவில்லை. சிவகிரியில் ஒரு ஆடு, அதுவும் தானாக விலகிக்கொண்டது.

லாட்ஜில்: "தனியாவா?" பெட்ரோல் பங்கில்: "கூட யாரும் வரலியாம்மா?" வடைக்கடையில் ஒன்றும் கேட்கவில்லை, பாவமாகப் பார்த்து ஒரு வடை கூட வைத்தார்கள்.

கொண்டு வந்தவை: கேமரா, லென்ஸ் 2, முக்காலி, குடை, முறுக்கு. மறந்தவை: துண்டு, தைராய்டு மாத்திரை.

வேண்டியது ஒரே படம். மூன்று வருடத்துக்கு முன் செங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரமாகப் பார்த்தது. உழுது கலக்கி, தண்ணீர் கட்டி, நடவுக்கு வைத்திருந்த வயல். அதில் மலை முழுசாக, தலைகீழாக. அன்று கையில் போன்கூட இல்லை. போன இரண்டு வருடமும் பிந்திவிட்டேன். நட்டுவிட்டால் தண்ணீர் மறைந்து போகும், மலையும் போயிற்று. இந்த வருடமும் விட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். லேபில் சனிவரைதான் லீவு.

மாலை, வடகரை பக்கம் வயல் கிடைத்தது. இங்கே தொழி என்கிறார்கள். சொந்தக்காரர் மைதீன் பாய், சவுதியில் பல வருடம் இருந்து திரும்பியவர். எடுக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எடுங்கம்மா. மலை என்ன எங்க வாப்பா வாங்கிப் போட்டதா?"

பிறகு ஒரு குண்டு. "ஆனா சனிக்கெழம காலைல நடுவை. இன்ஷா அல்லா. பொறவு தண்ணியத் தேடணும்."

மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும். அவர் சாரலைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் அதே சாரலைத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

ஜூலை 4, வெள்ளி

கா. 5.50. வயல். மேகம் விலகியது. உழுத கட்டிகளுக்கு நடுவே தண்ணீரில் மலை, உச்சிப் பாறை வரை. மூன்று நிமிடம் இருந்தது.

லென்ஸில் ஆவி.

ராத்திரி முழுக்க ஏ.சி. அறையில் வைத்திருந்த கண்ணாடி, வெளிக்காற்று பட்டதும் வியர்த்துவிட்டது. துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க மறுபடி மறுபடி. கண்ணாடி ஸ்லைடு துடைத்தே சம்பளம் வாங்குகிறவள் நான். சரியாகும் முன் மேகம் மூடிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டினேன். பக்கத்தில் ஒரு கொக்கு, அசையவில்லை.

கோபம் தணிய மெயின் அருவி. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். முக்காலியைப் பார்த்ததும், "போட்டோக்காரம்மா, எங்களையும் ஒண்ணு எடுங்க. பிரிண்ட் எப்பத் தருவிய?" மூன்று குடும்பம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒருவர் உடம்பெல்லாம் எண்ணெயோடு தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். பிறகு நானும் போய் நின்றேன். தலையில் இடி இடியாக விழுந்தது. ஊர் கேட்கும்படி கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். என்ன சுகம்!

ஈரத் தலையோடு பிள்ளையாரிடம் ஒரு வேண்டுதல்: டிராக்டர் கெட்டாவது நடவு ஒரு நாள் தள்ளிப் போகட்டும். அப்படியானால் ஞாயிறும் ஒரு விடியல் கிடைக்கும், லீவு முடிந்தால் என்ன.

ம. 3. வயலுக்குப் போனால் டிராக்டர் நடு வயலில் நிற்கிறது. உழுகிற ரோட்டவேட்டரில் பேரிங் போய்விட்டதாம்.

முதலில் சந்தோஷம். உண்மையைத்தான் எழுத வேண்டும், நல்ல சந்தோஷம். பிறகு பாய் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னிக்குத் தொழி அடிச்சாத்தான் நாளைக்கு நடுவை. நாளைக்கு விட்டா நடுற பொம்பளப் பிள்ளைய புளியறைக்குப் போயிருவாவ, வர எட்டு நாளாவும். நாத்து முத்திப் போவும்மா. பேரிங் தென்காசில இருக்கு. காரை மவன் கேரளாவுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்."

"நான் போறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்தேன், பிந்திவிட்டது. உடைந்த பேரிங்கைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்து, அதே மழை, அதே சாய்ந்த கழுத்து. நான்கு கடை ஏறி இறங்கினேன். மா. 5க்கு வயலில் கொடுத்தேன். இருட்டுமுன் தொழி அடித்து முடித்துவிட்டார்கள். நாளை நடவு. என் கையாலேயே என் படத்துக்கு மண் போட்டாயிற்று.

ராத்திரி என் வீட்டுக்காரர் போனில் கேட்டார். "மலை கிடைச்சுதா?"

"பேரிங் கிடைச்சுது."

ஜூலை 5, சனி

ராத்திரி ஏ.சி. போடவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, கொசுவோடு கேமராவும் நானும்.

கா. 6.15. வயல் தெளிந்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தண்ணீர். அதில் தெரிவது மேகம்தான். எட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள், நாற்றுக்கட்டும் வந்துவிட்டது. அவர்களுக்கு மூத்தவள் பேச்சியம்மாள். விஷயம் தெரிந்ததும் கையை நீட்டி மறித்தாள்.

"செத்த நில்லுங்கட்டி. பேரிங் வாங்கியாந்த மகராசில்லா. மலைய எடுத்துக்கிடட்டும்."

வரப்பில் வரிசையாகக் காத்திருந்தோம். அந்த மகராசி என்ற சொல் குத்தியது. டிராக்டர் கெடட்டும் என்று வேண்டியதே நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சியம்மாள் என் காதுப் பக்கம் குனிந்தாள். "நீங்களுமா? நானுந்தான் வேண்டினேன். இடுப்பு விட்டுப் போச்சு, ஒரு நா படுக்கலாம்னு பாத்தேன். நீங்க போயி வாங்கியாந்துட்டிய!"

சிரித்ததில் இருவருக்கும் புரை ஏறிவிட்டது. பாய் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

கா. 6.50. மேகம் அசையவில்லை. நாற்று வாடும். இதற்கு மேல் நிறுத்திவைக்க எனக்கு மனசில்லை. "இறங்குங்கம்மா, போதும்" என்றேன்.

மலைப் பக்கத்து வரப்பிலிருந்து இறங்கி, குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் என் பக்கம் நகர்ந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் குறைந்தது. வயல் பாதி பச்சை. முக்காலியை மடக்கக் குனிந்தேன்.

"யம்மோவ், மலை!"

மொத்தமாக. வெயில் பட்டு, ஈரப் பாறையெல்லாம் மின்னிக்கொண்டு. மீதித் தண்ணீரில் தேடினேன். அவர்கள் கால் கலக்கி அலையடித்தது, மலை துண்டு துண்டாகக் கிடந்தது.

பேச்சியம்மாள் குனிந்தபடியே கத்தினாள். "ஒருத்தியும் காலெடுக்காதிய! அப்படியே நில்லுங்கட்டி!"

எட்டுப் பேரும் நின்றார்கள். குனிந்த இடுப்பு குனிந்தபடி, கையில் நாற்று, ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் தூக்கியும் ஒருத்தி. அலை அடங்கியது. ஒவ்வொரு துண்டாக மலை வந்து சேர்ந்தது. மூச்சு விடாமல் எடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

காலைத் தூக்கி நின்றவள்தான் முதலில் சிரித்தாள்.

"சிரிக்காதட்டி, மலை ஆடுதுல்லா!"

அவ்வளவுதான், எட்டுப் பேரும் சிரித்தார்கள். மலை ஆடியது, மரம் ஆடியது, வானம் ஆடியது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு, எது எங்கே என்றே தெரியவில்லை.

வீட்டுக்காரர் போன். "கிடைச்சுதா?"

"மூணு நேரா நிக்குது. மிச்சம் எல்லாம் சிரிக்குது."