கோவிந்தசாமியின் சம்மதம்

செம்மண்டலம், கடலூர்
ஆடி வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் கார்த்யாயினிக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அயர்லாந்து மழையில் நனையாமல் சுகமாக இருக்க நடராஜரை வேண்டிக்கொள்கிறேன். வருமான வரிக்கு எந்த சாஃப்ட்வேர் எடுத்தாய் என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய், நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் பென்ஷனுக்கும் டெபாசிட் வட்டிக்கும் பேங்கில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க வேண்டுமானால் கணக்குக் காட்டியாக வேண்டும். பழைய ஆடிட்டரிடம் இனிப் போவதில்லை, நாற்காலி காலியாக இருக்கும்போதே என்னை நிற்க வைத்துப் பேசியவர் அவர், அதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். நீ சொன்ன சாஃப்ட்வேர் நல்லதுதானாம், ஆனால் விலை ஜாஸ்தி, எல்லாம் இங்கிலீஷ். இலவசமாக இருப்பதையும் மாடியில் குடியிருக்கும் ஷாசியா திறந்து காட்டினாள், அதில் எது எங்கே என்று நாமே தேட வேண்டும், எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அவளே ஒன்று தேடிப் பிடித்தாள். விலையும் கொஞ்சம், கேள்வியெல்லாம் தமிழில் ஒவ்வொன்றாக வரும், அஞ்சாங்கிளாஸ் படித்த நான் எழுத்துக்கூட்டிப் பதில் சொல்லலாம். இதுதான் நமக்கு என்று சந்தோஷப்பட்டேன். பான் நம்பரைத் தட்டினதும் திரையில் வந்தது, வணக்கம் கோவிந்தசாமி என்று.

ஷாசியா சிரித்துவிட்டாள். "யாரும்மா இந்தப் பெரியவரு, நம்ம வூட்டுல வந்து உக்காந்துகினு இருக்காரு" என்றாள். நான் சிரிக்கவில்லை. கல்யாணமானாலும் என் பான் கார்டில் பெற்றவர் பெயர்தான். நாம் இனிஷியலாகப் போடுவதை அவர்கள் கடைசிப் பெயர் என்று நீட்டி எழுதிவிடுகிறார்கள், இந்த மலிவு சாஃப்ட்வேருக்குக் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடத் தெரியுமாம். உன் தாத்தாவின் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏன் என்று நீயும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். உன் அப்பா வேறு சாதி. ஸ்ரீமுஷ்ணத்தில் உன் தாத்தா வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்று சம்மதம் கேட்டோம். திட்டவும் இல்லை, தலையாட்டவும் இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சிதம்பரத்தில் தாலி கட்டிக்கொண்டு மாலையோடு ஆசி வாங்கப் போனோம். அவர் அப்போதுதான் குளத்தில் எனக்காகத் தலை முழுகிவிட்டு வந்துகொண்டிருந்தார், செத்தவர்களுக்கு முழுகுவது போல. என்னைப் பார்க்காமல் உன் அப்பாவிடம், "எம் பொண்ணு செத்துட்டா, போங்க" என்றார். அவர் கூட வந்த என் சித்தி ராஜாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அது அழுகையில்லை, சிரிப்பு. அவர் என்னைக் கடந்து போனபோது வேட்டியிலிருந்து சொட்டின தண்ணீர் என் கால் மேல் விழுந்தது. சாகிற வரை அந்த மனுஷன் என் வாசற்படியை மிதிக்கவில்லை.

அந்த வணக்கம் வந்த நாள் முதல் நம் நிலைப்படிக்கு உள்ளே தரை ஈரமாகவே இருக்கிறது. துடைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பினால் மறுபடி ஈரம். குழாய் வேலை செய்யும் லூர்துசாமி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒழுக்கே இல்லை என்றார். நான் லாப்டாப் பக்கமே போகவில்லை. கடைசித் தேதியும் நெருங்கியது. கார்த்தி அக்காதான் பணம் கட்டுகிறேன் என்கிறாரே, விலை கூடினதையே எடுத்துக்கொள்ளலாம், அதில் உங்கள் பெயர் முழுசாக வரும் என்றாள் ஷாசியா. அரை மனதாகச் சரி என்றேன். பிறகுதான் கோபம் வந்தது, உன் தாத்தாவுக்கு நான் பயந்ததற்காக நீ எதற்கு அதிகப் பணம் கட்ட வேண்டும்?

மலிவானதையே திறக்கச் சொல்லி உட்கார்ந்தேன். கணக்கு உங்களுக்கா, இறந்தவர் சார்பாகவா என்று ஒரு கேள்வி வந்தது. ஷாசியாவின் கையைத் தட்டிவிட்டு, எனக்கு என்று நானே அழுத்தினேன். எல்லாம் சரிதான் என்று கடைசியாக ஒரு கட்டத்தை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். "நன்றி கோவிந்தசாமி, உங்கள் சம்மதம் பெறப்பட்டது" என்று வந்தது. முடிஞ்சிதும்மா என்று அவள் மூடப் போனாள், கொஞ்சம் இரு என்றேன். எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்தேன். உன் அப்பா இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

அழுத்தினது என் விரல் என்று எனக்குத் தெரியாதா. உன் தாத்தாவை நான் மன்னிக்கவில்லை, ராஜாமணியையும்தான். இன்று காலையும் நிலைப்படி ஈரமாக இருந்தது, துடைக்கவில்லை. உன் அப்பாவின் துண்டு ஒன்றை எடுத்து நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். எத்தனை காலமாக அந்த மனுஷன் ஈரத்தலையோடு நிற்கிறாரோ, துவட்டிக்கொள்ளட்டும்.

நீ பணம் அனுப்ப வேண்டாம். பேத்திக்கு அங்கே எந்த ஃபாரம் எழுதினாலும் யார் பெயர் எந்தக் கட்டத்தில் என்று பார்த்து எழுது, அவளை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நீங்கள் மூவரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது வாசலில் பார்த்துக் கால் வை, வழுக்கும்.

உன் அம்மா
சின்னம்மாள்