கேட்டும் சொல்லாத பெயர்

மாதுங்கா, பம்பாய்
18-2-1945

என் ஆத்துக்காரருக்கு ருக்கு நமஸ்காரம் பண்ணி எழுதுவது. உங்கள் அம்மாவும் குழந்தை ஷ்யாமளாவும் நானும் பகவான் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அங்கே என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் பட்டாளத்துக் கணக்கு ஆபீஸ் எந்த ஊரில் என்று நீங்கள் எழுதினால் சென்ஸார் துரை கத்தரித்துவிடுகிறார். நீங்கள் ஊர்ப் பேரைச் சொல்லக் கூடாது, நான் உங்கள் பேரைச் சொல்லக் கூடாது. நல்ல ஜோடி, போங்கள்.

இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஹெட் கிளார்க் ஆக்குவார்களாம், போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவன் இஷ்டம் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். பதறாமல் படியுங்கள்.

ஷ்யாமளா பிறந்ததிலிருந்தே எனக்குக் காது மந்தம். தூரத்தில் இருப்பவரை எதற்குக் கலக்க வேண்டும் என்று எழுதாமல் இருந்தேன். இப்போது மறைக்கிற நிலைமை தாண்டிவிட்டது. ரேஷன் கடையில் என்னைக் கூப்பிட்டது தெரியாமல் மரமாக நிற்கிறேன், பின்னால் வந்தவள் அரிசி வாங்கிக்கொண்டு போகிறாள். குழந்தை என் முதுகுக்குப் பின்னால் நின்று அம்மா, அம்மா என்கிறதாம். புடவையைப் பிடித்து இழுத்தால்தான் எனக்குத் தெரிகிறது. அப்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. லோகல் ரயிலில் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது! அதனால் அம்மா முதலில் நம்பவே இல்லை. வேலை சொன்னால் கேட்காதாம், ரயிலில் ஊர் வம்பு மட்டும் கேட்குமாம், இது என்ன காதுடீ அம்மா என்றாள். ஆனால் குழந்தை கூப்பிட்டு நான் திரும்பாததை ஒருநாள் கண்ணால் பார்த்ததும், அவளே என்னை பரேல் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அங்கே பார்ஸி டாக்டர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல சொர்ணம்மாள் என்று ஒரு நர்ஸ், தாராவியில் இருக்கிற திருநெல்வேலிக்காரி. அவள் என் பின்னால் நின்றுகொண்டு மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். தண்ணீர் என்றாள், சொன்னேன். விளக்கு என்றாள், அதுவும் சொன்னேன். சில வார்த்தை விழவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள், விழுந்தது. அப்புறம் வார்த்தை தீர்ந்து போயிற்றோ என்னவோ, என் சீட்டைப் பார்த்து அதில் எழுதியிருந்த உங்கள் பேரைப் படித்துவிட்டாள்.

நான் எப்படித் திருப்பிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீட்டில் உங்கள் பேர் காதில் விழுவதே இல்லை. அம்மாவுக்கு நீங்கள் அம்பி, எனக்கு நீங்கள், குழந்தைக்குப் படத்தில் இருக்கிற அப்பா. முழுப் பேரையும் ஒருத்தி அழகாக, எழுத்து எழுத்தாகச் சொல்கிறாள். நான் பேசாமல் இருந்தால் மறுபடி சொல்வாள் என்று தெரிந்ததும் பேசாமலே இருந்துவிட்டேன். ஏ தாயி, இதுகூடவா கேக்கலை என்று என் காதருகே வந்து கத்தினாள். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

டாக்டர் முகம் வாடி ஏதோ எழுதிக்கொண்டார். நினைத்ததைவிட ரொம்ப மோசம் என்று சொர்ணம்மாள் சொன்னதும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ன வார்த்தை சொன்னாய் என்று அவளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆம்படையான் பேரை எந்தப் பொண்ணுடீ சொல்லுவள், உனக்குத் தெரியாதா என்று அவளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எழுதினதை அடித்துவிட்டுச் சிரித்தார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரித்துவைத்தேன்.

காதுக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு எலும்பு இருக்கிறதாம். சத்தம் வந்தால் அது ஆடி, நத்தை ஓடு மாதிரி இருக்கிற உள்காதுக்கு அனுப்ப வேண்டுமாம். எனக்கு அது துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக்கொண்டு வருகிறதாம். உள்காதும் நரம்பும் நன்றாக இருக்கின்றனவாம். ரயிலில் மற்றவர்கள் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுகிறார்கள், அந்த இரைச்சல் என் காதில் அவ்வளவாக விழுவதில்லை, பேச்சு மட்டும் விழுகிறதாம். பழைய காது திரும்ப வராது, இனி வருஷத்துக்கு வருஷம் குறையும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கேட்பது காது இல்லை, மூளைதானாம். பழகின குரலானால் பாதி உள்ளே போனாலே மீதியை மூளை தானாகப் போட்டுக்கொள்ளுமாம். அம்மா பேசுவது எனக்கு இன்னும் புரிவது அதனால்தான். பழகின குரலையே பல காலம் கேட்காமல் இருந்தால் மூளை மறந்துபோகுமா என்று கேட்க நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் எதையும் நான் உங்கள் குரலில்தான் படிப்பது வழக்கம். போன கடிதத்தைப் பாதி படிக்கும்போது அது என் குரலாக மாறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். உங்கள் குரல் வரவில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள். ஹெட் கிளார்க்காக வேறு யாராவது இருந்துவிட்டுப் போகட்டும். அன்று ஆஸ்பத்திரியில் கடைசியாக டாக்டர், தட்டினால் அதிர்கிற ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதுக்கு எதிரே பிடித்தார். ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். தலை முழுக்க ரீங்காரம்! வாசல் அடைத்துக்கொண்டாலும் இந்த வழி ரொம்ப காலம் திறந்திருக்கும், அந்த எலும்பைத் தொட்டுக்கொண்டு பேசினால் கேட்கும் என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சென்ஸார் துரைக்குத் தமிழ் தெரியாமல் இருக்கட்டும். நீங்கள் வந்து, உங்கள் தாடையை அங்கே வைத்துக்கொண்டு, என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். திட்டினாலும் சரி.

அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். குருவாயூரப்பன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்
ருக்கு