நாற்பதாவது பெயர்

குரூசெய்ரோ தொ சூல்,
செவ்வாய்க்கிழமை, ஜனவரி 28

அன்புள்ள ஒசிமாருக்கு,

உன் லிந்தால்வா எழுதிக்கொள்வது. நானும் மகளும் உடம்புக்குச் சுகம். நீயும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல், சாரத்தில் பார்த்துக் கால் வைத்து வேலை செய்வாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. ஜுருவா ஆறு படித்துறையில் நாலு படியை விழுங்கிவிட்டது. கூரையில் நீ அடைத்துவிட்டுப் போன ஓட்டை அடைத்தபடியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று ஒழுகுகிறது.

எனெம் தேர்வு எழுதியவர்களுக்குப் பல்கலைக்கழக இடங்களை ஞாயிற்றுக்கிழமை அறிவித்துவிட்டார்கள். நீ வேலை செய்யும் இடத்துக்கு டெலிபோன் எட்டாததால் எல்லாவற்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். இங்கே நர்சிங் படிப்புக்கு நாற்பது இடம். நாற்பதாவது பெயர் என்னுடையது. அடுத்த பெயர், அதாவது காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர், நம் மகள் தயினாரா. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நான் போய்ப் பதியாவிட்டால் என் இடம் அவளுக்குப் போய்விடும்.

இதை நீ இரண்டு தடவை படிப்பாய். நானும் அப்படித்தான் படித்தேன்.

அவளுக்குத் துணையாகத்தான் தேர்வு எழுதுகிறேன் என்று உன்னிடமும் ஊரிலும் சொல்லிவைத்தேன். விண்ணப்பத்தில் எனக்கும் நர்சிங் என்று நிரப்பியது அவள்தான். எட்டு வருஷமா ஆஸ்பத்திரித் தரையத் துடைக்கிற, இனி ஊசியும் போடு என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினாள். அப்போது நானும் சிரித்தேன்.

போன வருடம் முழுக்க எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். நான் மரவள்ளி உரிப்பேன், அவள் பின்னத்தை விளக்குவாள். எனக்கு மண்டையில் ஏறாவிட்டால், உன் மூளையையும் ஆஸ்பத்திரிலயே மாப்புப் போட்டுத் துடைச்சிட்டியாம்மா என்பாள். ஆனால் விடமாட்டாள். நூறு தடவை சொல்லியிருப்பாள்: சுலபமானத மொதல்ல முடி, கஷ்டமானதப் பாத்து மயங்கி அங்கயே உக்காந்துராத. நான் கேட்டேன். எனக்கு வேறு வழியும் இல்லை. கஷ்டமானது எதுவும் எனக்குத் தெரியாது.

நவம்பரில் நடந்த கூத்தை அப்போது எழுத விட்டுப்போயிற்று. கணக்குத் தேர்வன்று முடிதிருத்தும் எத்வான் பன்னிரண்டரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றாராம். நுழைவுச் சீட்டில் ஒரு மணிக்குக் கதவடைப்பு என்று போட்டிருப்பது தலைநகர் பிரசிலியாவின் மணி. நமக்குப் பதினொன்று. போன வருடமும் இதே கதைதான். பிரசிலியாக்காரன் சாப்பிட்டாத்தான் நமக்குப் பசிக்கணுமா என்று பூட்டிய கதவோடு சண்டை போட்டுவிட்டுப் போனாராம். நாங்கள் காலை எட்டு மணிக்கே போய் வெயிலில் நின்றோம்.

உள்ளே நான் அவள் சொன்னபடியே செய்தேன். தெரிந்ததைக் கறுப்புப் பேனாவால் ஓரத்தில் கூட்டிக் கழித்து, இரண்டு தடவை சரிபார்த்தேன். தெரியாதது எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்குரிய வட்டத்தையே கறுப்படித்தேன். அவளோ நேரே கடினமான கணக்குகளுக்குப் போயிருக்கிறாள். கடைசி அரைமணி நேரத்தில்தான் சுலபமானவற்றை வாரிச் சுருட்டியிருக்கிறாள்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். கிருமிநாசினி ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பதினெட்டு லிட்டர் கலவைக்கு எவ்வளவு கிருமிநாசினி? அவள் பதினெட்டை ஒன்பதால் வகுத்து இரண்டு லிட்டர் என்று போட்டுவிட்டாள். மொத்தம் பத்துப் பங்கு என்று யோசிக்கவில்லை. நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, தினமும் கலக்குகிற வாளி அது. ஒன்று புள்ளி எட்டு.

நாற்பத்தைந்து கணக்கில் அவளுக்கும் இருபத்துநாலு சரி, எனக்கும் இருபத்துநாலு சரி. ஆனால் மதிப்பெண் எனக்கு 702, அவளுக்கு 633. மற்றப் பாடங்களில் அவள் என்னைவிடக் கொஞ்சம் மேல், கணக்குதான் கவிழ்த்தது. ஞாயிறன்றே பயிற்சி வகுப்பு ஆசிரியை வால்தெனிராவிடம் போய் நின்றோம். எத்தனை சரி என்பதை மட்டும் பார்க்கமாட்டார்களாம், எது சரி என்றும் பார்ப்பார்களாம். சுலபமானதைத் தவறவிட்டவர் கடினமானதைச் சரியாகப் போட்டால், அது தெரிந்து போட்டதா என்று சந்தேகப்பட்டு மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் கொடுப்பார்களாம். தயினாரா அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அந்த மடக்கைக் கணக்க ஒரு பக்கம் முழுக்க எழுதிப் போட்டேன் மிஸ், குருட்டாம்போக்குல அடிச்சேன்னு சொல்றாங்களா என்று கேட்டாள். அவள் குழந்தையாக இருந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

உன் அக்கா மரினெத்தி நேற்று வந்து போனார். பெத்தவ தன் தட்டுல இருக்குறதப் புள்ளைக்குத் தள்ளுவா, புள்ள தட்டுல கை வைக்க மாட்டா என்று சொல்லிவிட்டு, காப்பியையும் குடிக்காமல் எழுந்துவிட்டார். தப்பாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயது, வரும் நவம்பரில் மறுபடி எழுதலாம். எனக்கு நாற்பத்திரண்டு. எனக்கும் நவம்பர் வரும்தான், ஆனால் இந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டால் நான் மறுபடி எழுதமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

எனக்கு அந்த இடம் வேண்டும் ஒசிமார். இதைவிடச் சுற்றி வளைத்து உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளாக என்னோடு பேசாதவள் இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: எனக்கு விட்டுக்குடுத்துராத, அஞ்சு வருஷம் அந்த நாற்காலில உக்காரும்போதெல்லாம் இது அம்மாவோடதுன்னு உக்கார என்னால முடியாது. அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே, ஆனா உனக்குச் சந்தோஷமான்னு மட்டும் என்கிட்டக் கேக்காத என்றாள். நான் துணியை எடுத்து, அவள் கழுவி வைத்ததைத் துடைக்க ஆரம்பித்தேன்.

நேற்று சுகாதாரத் துறையின் விசைப்படகு உன் பக்கம் போனது. அதில் எழுதிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே உன் கைக்கு வந்திருக்கும், அது திரும்பும்போது உன் பதிலும் வெள்ளிக்கு முன்பே எனக்கு வந்திருக்கும். கரையில்தான் நின்றிருந்தேன். கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் நாளை சரக்குப் படகில் வருகிறது. உன்னிடம் சேர ஞாயிறு ஆகும். கேட்டால் நீ நல்ல மனதோடு பிள்ளைக்கு விட்டுக்கொடு என்பாய், நானும் கொடுத்துவிடுவேன். அதனால்தான் கேட்கவில்லை.

கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும். மகளுக்குத் தனியாக ஒரு தாள் எழுது, நீளமாக எழுது. எனக்கு எழுதும்போது திட்டுவதையெல்லாம் திட்டிவிட்டு, கடைசியில் நல்லது செய்தாய் என்று ஒரு வரி சேர்த்துவிடு. மனதில் இல்லாவிட்டாலும் எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

உன்,
லிந்தால்வா