மலைப்பாதைக்குப் போதுமான பெட்ரோல்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் கார்மேல் இருந்த கேரியரைக் கழற்றி, டிக்கியைக் காலி செய்து, டயருக்குக் காற்றடித்து வந்தீர்கள். "என் வண்டியை எதுக்குத் தொடுறீங்க? பிரசவம் பார்க்கப் போறவ நான், ஊர்வலம் போறவ இல்ல" என்று கத்தினேன். "வீண் சுமைக்கு வீண் பெட்ரோல், வீண் புகை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். அதோடு பேச்சு நின்றது.

நேற்று மதியம் ஒரு வீட்டில் பிரசவ வலி என்று கூப்பிட்டார்கள். பாலத்தை மூடியிருந்ததால் மலைப்பாதையில் சுற்ற வேண்டியதாயிற்று. வழியில் பங்க் கிடையாது, பெட்ரோல் குறைவு என்று காட்டும் விளக்கும் எரிய ஆரம்பித்துவிட்டது. ஏசியை அணைத்தேன். நீங்கள் சொல்வதுபோல் சட்டென்று மிதிக்காமல், அடிக்கடி பிரேக் போடாமல், ஒரே சீராக ஓட்டினேன். கடைசி ஏற்றத்தில் மட்டும் நன்றாக மிதித்தேன். அதற்கு மன்னிப்பு கேட்க மாட்டேன்.

போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் குழந்தை பிறந்தது. கழுத்தில் சுற்றியிருந்த தொப்புள்கொடியை விலக்கியதும் வீறிட்டு அழுதது. நானும்தான்.

பழைய சுமையோடு போயிருந்தால் பாதி வழியில் நின்றிருப்பேன். ரொம்ப நன்றி. கத்தியது என் தப்பு.

பி.கு.: சாவி ஆணியில். பெட்ரோல் போட்டாயிற்று. இன்று கிளினிக்கில்தான் வேலை, பஸ்ஸில் போகிறேன்.

இன்னொன்று: ஆறு மணிக்கு ஸ்டாப்புக்கு வாங்க, காரை எடுக்காமல். நடந்து வந்தால்தான் மூன்று நாள் பேச்சைப் பேசி முடிக்க முடியும்.