பாட்டரிக்கு ஊற்றிய தீர்த்தம்

வெள்ளிக்கிழமை, அடைமழை.

சண்டை வந்ததிலிருந்து சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் மகனிடமிருந்து கடிதம் இல்லை. ரேடியோச் செய்திதான் கதி. அதன் பழைய பாட்டரிக்கு, முற்றத்தில் வேட்டியை விரித்துக் கட்டிப் பிடித்த, உப்பில்லாத மழைத்தண்ணீரை மட்டும் விட்டு, ஒருவழியாகத் தேற்றி வைத்திருந்தேன். இன்று அது அடியோடு படுத்துவிட்டது.

"தண்ணி கொறையறப்பல்லாம் நான்தாங்க மாதா கோயில் தீர்த்தம் ஊத்தினேன். அதுக்கும் உசுரு நிக்கட்டும்னு," என்றாள் என் மனைவி சவரியம்மாள்.

சாமியார் தீர்த்தத்தில் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார். உப்பு பட்டால் பாட்டரித் தகடு அரித்துப்போகும். இனி என்ன செய்தாலும் எழாது.

"இன்னாங்க, தேறிடுமா?"

"தேறிடும்" என்றேன்.

நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மகன் கப்பல் ஏறிய அன்று அவன் தலையிலும் இதே தீர்த்தத்தைத்தான் தெளித்தாள்.