கொடும்பாவிக்குக் கருமாதி

ஏப்ரல் 21, ஞாயிறு

தேர்தல் டியூட்டி முடிந்து இரண்டு நாளாகியும் அலுப்பு போகவில்லை. பூத்தில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மை வைத்த விரலோடு ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: “டீச்சர், மழை எப்ப?” பிளஸ் டூவுக்குப் புவியியல் எடுக்கிறேனாம், அதனால் மழையைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன் என்று நினைப்பு.

வீட்டுக்கு வந்தால் வீரமணி இல்லை. (கட்டிக்கொண்ட நாளிலிருந்து நேரில் பெயர் சொன்னதில்லை. இங்கே சொல்வேன், யார் கேட்பது?) பாக்குத் தோப்பில் இருந்தார். ஒன்பது வருடமாக வளர்த்த தோப்பு. கிணறு மார்ச்சிலேயே வற்றிவிட்டது. மட்டைகள் தொங்குகின்றன. நடுக்குருத்து சாய்ந்தால் அவ்வளவுதான், அப்புறம் காவிரியையே திருப்பி விட்டாலும் மரம் பிழைக்காது. தோப்பு போனால் பெங்களூருக்குப் போய் என் தம்பி பிரபாகரோடு செக்யூரிட்டி வேலை பார்ப்பாராம். போங்களேன், வீட்டில் குறட்டைச் சத்தமாவது குறையும் என்றேன். சொல்லிவிட்டு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் சமையலறையில் சும்மா நின்றேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நாற்பத்தொரு டிகிரி. வற்றல் ஒரே பகலில் காய்ந்துவிட்டது. இந்த வெயிலால் ஆன ஒரே உபகாரம்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஊர்க்கூட்டம். கொடும்பாவி கட்டி இழுப்பதென்று முடிவு. பொம்பளை மாதிரி ஓர் உருவம் கட்டி, ஊர்ப் பாவத்தையெல்லாம் அவள் தலையில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, எரித்தால் மழை வருமாம். பாவம் செய்வதெல்லாம் ஆம்பளைகள், எரிவது மட்டும் பொம்பளையா? கேட்டேன். வசூல் கணக்குக்குத் தாவிவிட்டார்கள்.

விடுவேனா? எழுந்து நின்று எல்நினோவை விளக்கினேன். பசிபிக் கடல் சூடாகிக் கிடக்கிறது, அதனால் காற்றோட்டமே தடம் மாறிவிட்டது, இதற்கு மேல் நாம் எரிக்கிற நிலக்கரியும் டீசலும் புகையாகப் போய் பூமிக்குக் கம்பளி போர்த்துகின்றன என்று தொண்டை வறளப் பேசினேன். ஊர்ப் பெரியவர் பச்சியப்பன் பொறுமையாகக் கேட்டார். “செரிங்க டீச்சர். அந்தக் கடலு வரைக்கும் நம்மால போவ முடியாது. இங்கயே எதுனா பண்ணுவோம்.”

கொள்ளி வைக்க ஒரு ஆண் வேண்டும். அப்பன் உயிரோடு இருப்பவன் கூடாது, மொட்டை போட வேண்டும். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்!

இந்தியத் தட்டு வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது என்று பாடம் நடத்துகிறேன். இந்த மனுஷன் மனசை ஒரு சென்டிமீட்டர் நகர்த்த முடியுமா? ராத்திரி முழுக்க நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் எரிச்சல்.

இன்னொன்று. ஒப்பாரிக்கு ஆள் இல்லையாம். “கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குற தொண்டை டீச்சருக்குத்தான்” என்று என்னைப் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பாடினேன். மாரில் அடித்துக்கொண்டே பாடினேன்.

“பசிபிக்குல குளிச்சவளே, பாவி நீ சுட்டவளே,
பாப்பிரெட்டிப்பட்டி மேகத்த எந்தப் பக்கம் விட்டவளே…”

பெண்கள் எல்லாம் “ஆ… ஆ…” என்று சேர்ந்துகொண்டார்கள். பசிபிக் யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒரு பெண் முதுகைத் தடவிக் கொடுத்தாள். யாரோ உருவத்துக்குள் பழைய டயரைச் செருகப் பார்த்தான். மழை கேட்டு டயரை எரிப்பீர்களா, அந்தக் கரியை எவன் பொறுக்குவது என்று கத்தியதும் எடுத்துவிட்டான்.

அப்போதுதான் கொடும்பாவியைச் சரியாகப் பார்த்தேன். கை, கால், கூந்தல் எல்லாம் பாக்கு மட்டை. எங்கள் தோப்பில் விழுந்த மட்டைகள்.

வீரமணி மொட்டைத் தலையோடு தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை. நடிப்பு இல்லை அது. ஒன்பது வருடம் காற்றிலிருந்து கரியை இழுத்து இழுத்து அந்த மரங்கள் கட்டிய உடம்பு, கால் மணி நேரத்தில் புகையாகித் திரும்பக் காற்றுக்கே போகப்போகிறது. கார்பன் சுழற்சி என்று கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி வரைவேனே, அதுதான் இது. என் புருஷன் அதன் பின்னால் அழுதுகொண்டு நடக்கிறார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் பாடியதில் பசிபிக் எதுவும் இல்லை, வெறும் அழுகைதான்.

வறண்ட ஏரிக்குள் வைத்து எரித்தார். அழுகையில் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டிப் போய்விட்டதை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

பெய்தது. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. எங்கள் பக்கம் புழுதி மட்டும் வந்தது.

கோடை மழை அப்படித்தான், ஒரு மேகத்தின் அகலத்துக்கு மேல் பெய்யாது என்று நான் சொன்னது எடுபடவில்லை. “எல்லைய தாண்டிக் கொள்ளி வச்சா மழை அவனுக்குத்தான் போவும்” என்றார் பச்சியப்பன். ஊரே வீரமணியை முறைக்கிறது. அட, அந்த ஏரியில் நீங்களும்தானேய்யா நின்றீர்கள்?

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையில் வாசலில் ஒரு டிராக்டர், பின்னால் தண்ணீர் டேங்கர். அந்த ஊர் வார்டு மெம்பர் கோவிந்தம்மாள் நான்கைந்து பேரோடு இறங்கினாள்.

“எழவு உங்க வூட்டுது, மழை எங்களுதுங்க. சும்மா வாங்கிக்கிட்டா நல்லாவா இருக்கும்? மூணாம் நாளு பால் தெளிக்கணுமில்ல? அத்தினி பாலுக்கு எங்க போறது, தண்ணி கொண்டாந்தோம்.”

கிண்டலா, மனசாரச் சொன்னதா? இரண்டும்தான். டீ குடித்துவிட்டு, முறைப்படி துக்கமும் விசாரித்தாள். “நல்ல சாவுங்க, இழுத்துக்கிட்டுக் கெடக்கல” என்றாள். படுபாவி. வாரம் இரண்டு டேங்கர் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோப்புக்கெல்லாம் காணாது. கிழக்கு வரிசைகளுக்கு மட்டும் ஊற்றினார். மேற்குப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மே 3, வெள்ளி

மேற்கில் குருத்துகள் சாய ஆரம்பித்துவிட்டன. வீரமணி பையைக் கட்டிவிட்டார். நாளை காலை பஸ்ஸாம்.

இருங்க, எல்நினோ தளர்கிறது, மே நடுவில் மழை என்று கணிப்புகள் காட்டுகின்றன என்று சொன்னால் கேட்பாரா? போனில் மேகப் படம் காட்டினால், “அந்தப் படத்துல ஈரமா இருக்குதா?” என்பார். வாய் அப்படி.

சோறு போடும்போது சொல்லிவிட்டேன். “கொள்ளி வச்சவரு பதினாறு முடியாம ஊர் எல்லையத் தாண்டலாமா?”

“ஏற்கெனவே தாண்டித்தான வச்சேன்?”

“அதனாலதான் மழை அங்க போச்சு. இன்னொரு வாட்டி தாண்டிப் பாருங்க, ஊரே உங்களப் புடிச்சு எரிச்சுரும்.”

தட்டில் சோற்றைக் குழி பண்ணினார். அப்புறம், “குழம்பு ஊத்து” என்றார். பையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார்!

கொடும்பாவிக்கு எந்த ஊரில் கருமாதி செய்தார்கள்? எனக்குத் தெரியாது. மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று வருடா வருடம் பள்ளி விழாவில் பேசுகிற வாய்தான் இது.

மே 5, ஞாயிறு

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. கருமாதிச் சாப்பாட்டுக்கு வடை உண்டா என்று பச்சியப்பன் ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

மே 9, வியாழன்

மேகம் கூடுகிறது, கலைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் அந்த வரைபடத்தைப் பார்ப்பேன்? கொடும்பாவியிடம் வேண்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

மே 12, ஞாயிறு

சாயங்காலம் ஒரு தூறல். எங்கள் பக்கம்தான். தெருப் புழுதி அடங்குகிற அளவு.

மே 13, திங்கள்

இன்று பதினாறு. பாக்கு மட்டையில் செய்த ஒருத்திக்காக ஊரே வடை பாயசத்தோடு சாப்பிட்டது. கோவிந்தம்மாளும் ஆட்களோடு வந்து மூன்றாம் பந்தி வரை இருந்தாள். மழை வரவில்லை.

எல்லாரும் போன பிறகு தோப்புக்குப் போனோம். மேற்குப் பாதி செத்துவிட்டது, வெட்ட வேண்டியதுதான். கிழக்கில் குருத்துகள் நிமிர்ந்து நிற்கின்றன. மரத்துக்கு மரம் போய்க் கழுத்து நோக அண்ணாந்து பார்த்தார். மொட்டையில் முடி முள்ளாக முளைத்திருக்கிறது.

நாளைக்கு பஸ்ஸா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே ஆரம்பித்தார்.

“கொடும்பாவிக்கு ஏது டீச்சர் கருமாதி? எங்கப்பன் ரெண்டு தடவ கொள்ளி வச்சவரு. மறுநாளே சந்தைக்குப் போனாரு.”

தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சுமா இருந்தீங்க?”

ஒரு மரத்தடியில் குனிந்து மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“தலைத்திவசம் வரைக்கும் கூட ஊரத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுவாங்களே, அது நெசமா?”

“ஆமாங்க” என்றேன். “பிளஸ் டூ புத்தகத்துலயே இருக்குது.”