வலது முழங்கால்

ஜூன் 9, வியாழன்

வீட்டு நிலவறையில் மறுபடி ஈரம். இரண்டு வாளி தண்ணீர் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போக முடிந்தது.

மாலை ஸ்டானோடு ஆர்ச்சர் தெரு பார். கூடைப்பந்து சீசன் முடிந்து மூன்று வாரமாகிறது. எங்களுக்கு ஆரம்பிப்பதே இப்போதுதான். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது. கீனன் ஸ்ட்ராதரின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதன் பிறகு அவன் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். ஒன்பது வருடம் நம் ஊர் அணிக்கு ஆடியவன். வயது முப்பத்திரண்டு.

விட்டுவிட வேண்டும் என்றேன். அணியின் மொத்தச் சம்பளம் லீக் கிழித்த கோட்டைத் தாண்டிவிட்டது. தாண்டினால் ஆடம்பர வரி. வருடா வருடம் தாண்டினால் கோட்டுக்கு மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் மூன்று, நான்கு டாலர் வரி. அவனை விட்டால் கோட்டுக்குக் கீழே இறங்கலாம், அந்த இடத்தில் இரண்டு இளசுகளை எடுக்கலாம். நாப்கினில் எழுதியே காட்டினேன்.

ஸ்டான் அந்த நாப்கினை எடுத்து மீசையிலிருந்த பீர் நுரையைத் துடைத்தான். "டேய், வரி கட்டப்போறது ஓனரு. அந்தாளுகிட்ட படகு மட்டுமே ரெண்டு இருக்கு. அவரு காசு கரையுதுன்னா ஒனக்கு ஏன்டா வயிறு எரியுது?"

"காசு இல்லடா. இதுக்குப் பேரு வியூகம்."

"வியூகமாம்! இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டறேன். ஆட்டத்தன்னிக்கி ஏறுறவன் எவனும் 'அண்ணே, வரி மிச்சமாகுறதப் பாக்கப் போறேன்'னு சொன்னதில்ல. கீனனப் பாக்கத்தான் போறான். நீ ஸ்கேன் எடுக்கறவன், எலும்ப மட்டும் பாரு."

பாரே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பைக் கழற்ற முடியவில்லை.

ஜூன் 11

ரசிகர்களின் இணையதளத்தில், கீனனை ஏன் விட வேண்டும் என்று நீளமாக எழுதினேன். அங்கே என் பெயர் 'மூன்றாம் வரிசை'. வாழ்நாளில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்ததில்லை. நாற்பது பேர் படித்தார்கள். ஒருவன் 'கஞ்சன்' என்று மட்டும் பதில் போட்டான்.

ஜூன் 14, செவ்வாய்

எழுதலாமா? எழுதுகிறேன். இதை வேறு யார் பார்க்கப்போகிறார்கள்.

காலை ஏழு மணிக்கு, எங்கள் ஸ்கேன் சென்டர் திறக்கும் முன்பே, பின்வாசல் வழியாகக் கீனன் ஸ்ட்ராதர் வந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கூட ஒரே ஒரு ஆள். அணி மருத்துவருக்குத் தெரியாமல் தனியாகப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறான். என்னோடு வேலை பார்க்கும் யோலாண்டாவுக்கு ஒதுக்கிய கேஸ். அவளுக்கு இவன் யாரென்றே தெரியாது. எங்கள் சென்டரில் ஒரு அணியில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் முழிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். "ரொம்ப உயரம், மெஷின்ல கால் இடிக்குது" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். குளிர்கிறது என்றானாம், இரண்டு போர்வை கொடுத்தாளாம்.

மதியம் அவள் கேண்டீனுக்குப் போனாள். கணினியைப் பூட்டாமல் போயிருந்தாள். அறையில் நான் மட்டும்.

வலது முழங்கால். குருத்தெலும்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. எலும்பும் எலும்பும் உரசுகின்றன. இதோடு எப்படி எண்பது ஆட்டம் ஓடினான்?

வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசை. இல்லை. 'நான் சொன்னது சரி' — முதலில் வந்தது அதுதான்.

ஜூன் 15

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. இந்த வேலையில் சேர்ந்த அன்றே அதற்குத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

ஜூன் 16, வியாழன்

ஸ்டான் இன்று என் பதிவை ஃபோனில் எடுத்து, பாதிரியார் குரலில், பார் முழுக்கக் கேட்கும்படி படித்தான். "அன்பார்ந்த சகோதரர்களே, ஓனரின் பணத்துக்காக ஜெபிப்போம்!" மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பார்க்காரி டெப்பிகூட.

"நீ பாட்டுக்கு சிரி. அவன் ரெண்டு வருஷம்கூட ஆட மாட்டான்" என்றேன்.

"ஆமா, இவரு பாத்துட்டு வந்தாரு!"

பார்த்துத்தான் வந்தேன். அதைச் சொல்ல முடியாதே.

எழுந்து காருக்கு வந்தேன். வெயில் இன்னும் இருந்தது. ஸ்டியரிங்கில் ஃபோனைச் சாய்த்து வைத்து, கீனனைப் பற்றிய என் பதிவுக்குக் கீழே எழுதினேன்: 'வலது முழங்கால். குருத்தெலும்பு மிச்சமில்லை. கேள்விப்பட்டதல்ல, படத்தைப் பார்த்தது.' மூன்றே வரி. போட்டுவிட்டேன்.

ஜூன் 17, வெள்ளி

வானொலியில் வந்துவிட்டது. 'பெயர் வெளியிடாத ஒருவர்'. இரண்டு நிருபர்கள் தளம் வழியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், பதில் சொல்லவில்லை. என் பதிவைப் பார்த்தவர்கள் ஆறு லட்சம்.

ஸ்டான் கூப்பிட்டான். "டேய், அந்த மூணு வரி உண்மையா? உனக்கு யாருடா சொன்னா?"

"தெரிஞ்சவங்க."

"சரிடா, நீ ஜெயிச்ச" என்றான்.

இன்று நான் சந்தோஷமாக இருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? சந்தோஷமாக இருந்தேன்.

ஜூலை 1, வெள்ளி

ஆட்டக்காரர்களை எடுக்கும் சந்தை திறந்தது. மயாமி அணி கீனனுக்கு நான்கு வருட ஒப்பந்தம் தரும் என்று பேச்சு இருந்தது. மயாமி பின்வாங்கிவிட்டது. நம் அணி அவனைக் கூப்பிடவே இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு இளசுகள். கோட்டுக்குக் கீழே இறங்கியாயிற்று, வரி இல்லை. நான் நாப்கினில் எழுதியது அப்படியே நடந்திருக்கிறது.

தளத்தில் என்னைத் தீர்க்கதரிசி என்கிறார்கள். கீனனுக்கு ஒரு அணியும் இல்லை.

ஜூலை 5, செவ்வாய்

கீனனின் வழக்கறிஞர்கள் எங்கள் சென்டரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு யோலாண்டாவிடம் இரண்டு மணி நேரம் பேசினார். யார், எப்போது, எந்தப் படத்தைத் திறந்தார்கள் என்பதெல்லாம் கணினியில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அது தெரியும். அன்றைக்கும் தெரியும்.

வெளியே வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "பன்னெண்டு நாப்பதுக்கு என் பேர்ல யாரோ திறந்து பதினோரு நிமிஷம் பாத்திருக்காங்க. நான் அப்ப கீழ சூப் குடிச்சிட்டிருந்தேன். சொன்னா, ரசீது கேக்கறாங்க. சூப்புக்கு யாராவது ரசீது வெச்சிருப்பாங்களா? நீ அறையில இருந்தல்ல ராய்ஸ்? யாராவது வந்தாங்களா?"

"கவனிக்கல" என்றேன்.

கவனிக்கல. ஒரே சொல். எவ்வளவு சுலபமா வாயில வந்துச்சு.

ஜூலை 8

யோலாண்டாவை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். அவளுடைய ஷிஃப்ட் எனக்கு.

ஜூலை 12

தொலைக்காட்சியில் கீனன். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னான். "ஸ்கேன் எடுத்ததுக்கு அடுத்த வாரம் அணிகிட்ட நானே சொல்றதா இருந்தேன். கம்மி சம்பளம் போதும், கடைசியா ஒரு வருஷம் இங்கயே ஆடிட்டுப் போறேன்னு கேக்க இருந்தேன். அது என் காலு. நான்தான் சொல்லியிருக்கணும்."

அணைத்துவிட்டேன். பிறகு மறுபடி போட்டேன். அதற்குள் கார் விளம்பரம் வந்துவிட்டது.

ஜூலை 14, வியாழன்

ஸ்டான் பாருக்குள் போகவில்லை. வாசலில் எனக்காக நின்றிருந்தான்.

"மூணாம் வரிசை நீதான்னு எனக்குத் தெரியும். நீ வேலை பாக்கற எடத்துலதான் அவன் ஸ்கேன் எடுத்திருக்கான்னு பேப்பர்ல போட்டுட்டான். அந்தப் பொம்பளையோட வேலையும் போச்சுங்கறான். சொல்லு. அவங்களா, நீயா?"

நான் பாக்கெட்டில் கார் சாவியைத் தேடினேன்.

"நான் வாய்க்கு வந்ததப் பேசுனேன்டா. அது வெறும் பேச்சு. பீர் குடிக்கறப்ப பேசுற பேச்சு. அதுக்குப் போயா?" அவன் குரல் உடைந்தது. ஸ்டானை அப்படி நான் பார்த்ததில்லை. "போய்ச் சொல்லிடு. இன்னிக்கே சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து தளத்தில் என் கணக்கை அழித்தேன். செய்தது அவ்வளவுதான்.

ஜூலை 21

ஸ்டான் ஃபோனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

யோலாண்டாவை நிரந்தரமாக நீக்கிவிட்டார்கள். உரிமத்தின் மீதும் விசாரணை. அவளுடைய மேஜை இழுப்பறையைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. கைக்கு ஒரு க்ரீம், படிக்கும் கண்ணாடி, அவள் பையனின் கல்லூரி அட்டவணை. ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது.

நீ என்ன மனுஷன்டா?

ஆகஸ்ட் 6, சனி

பெட்டியைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, அவள் "உள்ள வா, காபி போடறேன்" என்று சொல்லாமல் இருந்திருந்தால் பெட்டியை வைத்துவிட்டு வந்திருப்பேன்.

அவள் கத்தவில்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

"ஒரு பந்தயம் மாதிரி... நண்பன்கிட்ட. எந்த ஆட்டக்காரன வெச்சிக்கணும், யாரை விடணும்னு..."

"பந்தயத்துல எவ்வளவு?"

"பணம் இல்ல. சும்மா பேச்சு."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் முகம் மாறியது. பணம் என்று சொல்லியிருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பாள் போலிருந்தது.

"தலைமை ஆபீஸ்காரரு அப்புறமா உன்னையும் விசாரிக்கணும்னு சொன்னாரு ராய்ஸ். நான்தான் வேணாம்னேன். ராய்ஸை விடுங்க, அவன் ஒண்ணும் கவனிக்கலன்னு எங்கிட்ட சொன்னான், பொய் சொல்ல மாட்டான்னு சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"எங்கிட்ட வேணாம். எழுதிக் குடுக்க வேண்டிய எடத்துல எழுதிக் குடு." கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஆகஸ்ட் 8, திங்கள்

தலைமை அலுவலகத்துக்கும் உரிம வாரியத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். நாள், நேரம், பதினோரு நிமிஷம், மூன்று வரி. பன்னிரண்டு மணிக்குள் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 29

என் உரிமம் ரத்து. கீனனின் வழக்கறிஞர்கள் இப்போது என் பெயரில் வழக்கு போட்டிருக்கிறார்கள். யோலாண்டா மேல் குற்றமில்லை என்று வாரியம் சொல்லிவிட்டது. சென்டர் அவளைத் திரும்பக் கூப்பிட்டதாம், அவள் போகவில்லையாம். யோலாண்டா விஷயம் பேப்பரில் வந்ததாக டெப்பி சொன்னாள். ஸ்டான் வியாழக்கிழமைகளில் பாருக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்றும் சொன்னாள்.

நவம்பர் 18, வெள்ளி

புது வேலை, ஒரு கிடங்கில். ஐந்தாவது வாரம். சாப்பாட்டு இடைவேளையில் நான்கைந்து பேர் ஒரே மேஜையில் உட்கார்கிறோம். நேற்று அணி தோற்றது. இளசுகளில் ஒருவனுக்குத் தோளில் அடி, மற்றவனுக்கு இன்னும் ஆட்டம் பிடிபடவில்லை. கீனன் துருக்கியில் ஏதோ ஒரு அணியில் சேர்ந்து, மூன்று ஆட்டம் ஆடி, நிறுத்திவிட்டான் என்று ஃபோனில் பார்த்துச் சொன்னான் மார்வின்.

"வரி போனாப் போகுதுன்னு அவன வெச்சிருக்கணும்டா" என்றான் மார்வின்.

"வெச்சு? நொண்டிக் காலுக்கு யாரு அழறது?" என்றான் இன்னொருவன். குரல் ஏறியது. சாண்ட்விச் தாளில் கோடு போட்டுக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மார்வின் என் பக்கம் திரும்பினான். "பெரியவரே, நீங்க சொல்லுங்க. அவன விட்டது சரியா, தப்பா?"

"எனக்குக் கூடைப்பந்து தெரியாது தம்பி" என்றேன்.

நம்பிவிட்டார்கள். சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விட்டேன்.